ஊசித்துளை போட்ட சிவப்புத் தாள்

செபஸ்தியானைப் பற்றிப் பாம்பன் வடக்குத் தெருவில் யாரைக் கேட்டாலும் இரண்டு சங்கதி சொல்வார்கள். மூச்சை அடக்கி ஆழம் போவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கடைக்கு மட்டும் அவரை அனுப்பவே கூடாது.

இரண்டாவது சங்கதிக்கு ஆதாரம் ஒரு ரிப்பன். மகள் லீமாரோஸ் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், சிவப்பு ரிப்பன் வாங்கிவரச் சொல்லி மனைவி யாகப்பம்மாள் அனுப்ப, மனிதர் பச்சை ரிப்பனோடு வந்து நின்றார். யாகப்பம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டு நேரே ஹமீது சுல்தான் கடைக்குப் போனாள். வெள்ளந்தியான ஆள் என்று தெரிந்துகொண்டு விலை போகாததைத் தலையில் கட்டலாமா என்று தெருவே கூடி வேடிக்கை பார்க்கும்படி சத்தம் போட்டாள். உங்கள் வீட்டுக்காரர் தம் கையால் எடுத்ததுதான் இது என்று கடைக்காரர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. ஹமீது சுல்தான் பொறுமைசாலி. வேறு ரிப்பன் மாற்றிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். வீட்டில் செபஸ்தியானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். கடையில் அவர் கண்ணுக்கு அந்த இரண்டு ரிப்பனும் ஒன்று போலத்தான் இருந்தன. ஏதோ யோசனையில் தப்பாக எடுத்துவிட்டோம் என்று அதோடு விட்டுவிட்டார்.

நாற்பது வயது வரைக்கும் ஒரு மனிதனுக்குத் தன் கண்ணின் லட்சணம் தெரியாமல் இருக்குமா என்று கேட்பீர்கள். பேஷாக இருக்கும். மீனை அவர் வாலையும் செதிலையும் வைத்து அறிவார். தண்ணீரை அதன் இழுப்பை வைத்து அறிவார். மிளகாய்ப் பழம் சிவப்பு என்று நாலு பேர் சொன்னால் தாமும் சிவப்பு என்பார், இலை பச்சை என்றால் பச்சை என்பார். உலகம் முழுக்க இப்படித்தான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறது என்று அவர் நினைத்திருந்ததில் அதிசயம் என்ன இருக்கிறது?

ஒரே ஓர் இடத்தில்தான் அது அவரை முள்ளாகக் குத்தியது. பத்தொன்பது வயதில் தாயாரோடு ஓரியூருக்குப் போயிருந்தார். அருளானந்தர் வேதசாட்சியாக உயிர்விட்ட இடம், அவர் ரத்தம் பட்டுச் சிவந்த மண் என்று சனங்கள் முழந்தாளிட்டு அதை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டிருந்தார்கள். தாயார் கண்ணில் நீர் பெருக, எப்படிச் சிவந்து கிடக்கிறது பார் என்று மகனிடம் காட்டினாள். மகன் குனிந்து பார்த்தான். வழியில் கடந்து வந்த வயல் வரப்பு மண்ணுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. விசுவாசம் உள்ளவர்கள் கண்ணுக்குத்தான் இது சிவப்பாகத் தெரியும் போலிருக்கிறது, நமக்கு அது இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிக்கொண்டான். ஆனாலும் தாயாரிடம், ஆமாம் சிவந்து கிடக்கிறது என்று புனிதத் தலத்தில் நின்றுகொண்டு பொய் சொன்னான்.

அந்தப் பொய்யை எந்தச் சாமியாரிடமும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தாயார் கொண்டுவந்த மண் ஒரு சின்னத் தகர டப்பியில், மாதா படத்துக்குப் பக்கத்தில், அந்த வீட்டுப் பலகையில் இருந்தது. செபம் சொல்ல எல்லோரும் முழந்தாளிடும்போது செபஸ்தியான் மாதாவைப் பார்ப்பார். டப்பியைப் பார்க்கமாட்டார்.

ஐம்பத்து நாலாம் வருஷம் அவருக்கு ஒரு நல்ல காலம் வந்தது. யாகப்பம்மாளின் அய்யாவையும் அண்ணனையும் முன்பே கடல் கொண்டுபோயிருந்தது. அய்யாவின் உடம்பு ஒதுங்கியது, அண்ணனுடையது ஒதுங்கவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து கரையில் ஒரு வேலை தேடிக்கொள்ளச் சொல்லி அவள் புருஷனைக் கரைத்துக்கொண்டிருந்தாள். காற்று ஊளையிடும் நாட்களில் வள்ளம் திரும்புகிற வரைக்கும் அவள் கடற்கரைக்குப் போகமாட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு செபமாலையும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். அந்த வருஷம் ரயில் பாலத்தில் வேலை நடக்கும்போது ஒரு பெரிய சங்கிலி கால்வாய்க்குள் விழுந்துவிட, செபஸ்தியான் மூன்று முறை முங்கி அதற்குக் கயிறு கட்டிக் கொடுத்தார். மேஸ்திரி பொன்னுச்சாமி உத்தரகோசமங்கைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். கடலைக் கண்டாலே மிரளுகிறவர். அவருக்கு இந்த ஆளின் மேல் அப்படி ஒரு மரியாதை உண்டாகிவிட்டது. நாலு பேரைப் பார்த்துப் பேசி, பாலத்திலேயே கலாசி வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். கப்பல் வந்தால் பாலத்தைத் தூக்க வேண்டும், ரயில் வந்தால் கொடியும் விளக்கும் காட்ட வேண்டும். மண்டபத்துக்குப் போய் ரயில்வே டாக்டரிடம் உடம்பையும் கண்ணையும் காட்டி ஒரு கையெழுத்து வாங்குவதுதான் பாக்கி. டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி வரச் சொல்லியிருந்தார்கள்.

யாகப்பம்மாள் கையெழுத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அவளுடைய முகத்தில் அந்த ஒரு மாதம் இருந்த சிரிப்பை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

அந்த டிசம்பரில் அரைப் பரீட்சை லீவு விட்ட அன்றைக்குப் பிடித்த மழை ஐந்து நாள் விடவில்லை. வாடைக் காற்றில் வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. யாகப்பம்மாள் கருவாட்டுக் கூடையோடு காலை ரயிலேறி வயல் இருக்கும் ஊர்கள் பக்கம் போய் நெல்லுக்கு மாற்றிக்கொண்டு சாயங்காலம் திரும்புவாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு செபஸ்தியான் தலையில் விழுந்தது. பத்து வயது லீமாரோஸ், அவள் வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டுக் காலிதா, லீமாரோஸின் தம்பி ஐந்து வயது சவேரியார். பள்ளிக்கூடத்தில் லீவு முடிந்து வரும்போது ஆளுக்கொரு கைவேலை செய்துகொண்டு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மழைக்கு வெளியே போக வழியில்லாத பிள்ளைகள் உள்ளேயே கடை பரப்பிவிட்டார்கள்.

லீமாரோஸ் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்யப்போவதாகச் சொன்னாள். காலிதா அட்டையில் தலைமன்னார்க் கப்பல் செய்யப்போவதாகச் சொன்னாள். அவளுடைய வாப்பா அந்தக் கப்பலில் இலங்கைக்குப் போய்வருகிறவர். சவேரியாரின் கைவேலை, நட்சத்திரத்துக்காகக் காய்ச்சி வைத்த புளியங்கொட்டைப் பசையை விரலால் வழித்து நக்குவது.

சத்தம் போடாமல் செய்யுங்கள் என்று அதட்டிவிட்டு செபஸ்தியான் மூலையில் உட்கார்ந்தார். லீமாரோஸ் மூங்கில் சிம்பை வைத்துக்கொண்டு திண்டாடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பொறுக்கவில்லை. பழைய மீன்கூட்டைப் பிரித்து நல்ல சிம்பாகப் பத்து எடுத்து, சீவி, வலை நூலால் முடிச்சுப் போட்டு, அரைமணி நேரத்தில் பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தாமே கட்ட ஆரம்பித்துவிட்டார். இது யாருடைய கைவேலை என்று மகள் கேட்டாள். ஒழுகுகிற இடத்தில் சட்டியை நகர்த்தி வைக்கச் சொல்லி அவளை விரட்டினார். கூடு என்னவோ கோயில் கோபுரத்தில் கட்டலாம் போல அமைந்துவிட்டது. ஐந்து முனை, ஒன்றுக்கொன்று நூல் பிசகாது.

நட்சத்திரத்துக்குச் சிவப்புத் தாள், கப்பல் கொடிக்குப் பச்சைத் தாள். எல்லாம் அவர் பக்கத்தில் மழைச் சாரல் படாமல் அடுக்கியிருந்தது. முதல் முனைக்குத் தாள் ஒட்டி அடுப்போரம் காய வைத்துவிட்டு நிமிர்ந்தவரிடம் காலிதா பச்சைத் தாள் கேட்டாள். எடுத்துக் கொடுத்தார்.

"மாமா, பச்சயக் கேட்டா செவப்பக் குடுக்குறிய" என்றாள் காலிதா.

வேறொன்று கொடுத்தார். அதுவும் சிவப்பு. காலிதாவின் பார்வை அடுப்போரம் போயிற்று. நட்சத்திரத்தின் ஒரு முனை பச்சையாக இருந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று காலிதா தாளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, இது என்ன இது என்ன என்று கேட்டாள். சவேரியார் கைகொட்டினான். பத்துக்கு ஆறு தப்பு. அவரும் சிரிக்கப் பார்த்தார், ஆனால் வாய் கோணிக்கொண்டது. அப்பனுடைய அந்த முகத்தைப் பார்த்துவிட்ட லீமாரோஸ் சிரிப்பதை நிறுத்தினாள்.

"அய்யா, அன்னிக்கு ரிப்பனும் இப்படித்தானா?"

அவர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். லீமாரோஸ் தையல் ஊசியை எடுத்துவந்தாள். சிவப்புத் தாள் அத்தனையையும் ஒன்றாக அடுக்கி, ஒரு மூலையில் வரிசையாக ஆறேழு துளை போட்டாள். தடவிப் பார்த்துத் துளை இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை என்று சொல்லிக் கொடுத்தாள். கிழிந்த வலையைப் பார்க்காமலே தடவிப் பொத்துகிற விரல்கள் அவருக்கு. அதற்குப் பிறகு ஒரு தாள்கூட மாறவில்லை. மீதி நாலு முனையும் சிவப்பாக ஏறின. பச்சை முனையைப் பிரிக்கலாம் என்றால் பசை இறுகிவிட்டது. போகட்டும் என்று விட்டார்கள்.

அப்புறம்தான் அந்தப் பெண்ணுக்கு விஷயம் உறைத்தது.

"பாலத்துல செவப்புக் கொடி, பச்சக் கொடி எல்லாம் காட்டணும்ல அய்யா?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. செபஸ்தியானுக்கு யாகப்பம்மாளின் சிரிப்புதான் கண்முன் வந்தது. அம்மாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று மூன்று பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. மறுநாளிலிருந்து கப்பலும் கைவேலையும் ஓரமாகப் போய்விட்டன. அரிக்கேன் விளக்கை ஏற்றி அதன் கண்ணாடி மேல் ஒரு தரம் சிவப்புத் தாளையும் ஒரு தரம் பச்சைத் தாளையும் பிடித்துக் காட்டிக் காட்டி அவருக்குப் பாடம் நடத்தினார்கள். பார்க்கப் பார்க்க அவருக்கு ஒன்று பிடிபட்டது. சிவப்புத் தாளைப் பிடித்தால் விளக்கு மங்குகிறது, பச்சைத் தாளைப் பிடித்தால் வெளிச்சம் தூக்கலாக இருக்கிறது. நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். மூன்றாம் நாள் இருபதுக்கு இருபது. ஒரே ஒரு தரம் காலிதா குறும்புக்குத் திரியை இறக்கிவிட்டுப் பச்சையைப் பிடித்தாள்; அவர் சிவப்பு என்றார். ரயில்வேக்காரர்கள் திரியை இப்படியெல்லாம் இறக்கமாட்டார்கள் என்று அவர்களே தீர்மானம் பண்ணிக்கொண்டார்கள். அதைக் கேட்டுச் செபஸ்தியானும் தலையை ஆட்டினார். அப்படித் தலையாட்டியதற்காக அவர் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. மனைவி இருபது வருஷமாகக் கேட்ட ஒரே வரம் அது.

இருபத்து மூன்றாம் தேதி காலையிலும் மழைதான். யாகப்பம்மாள் வெள்ளை வேட்டியை மடித்துக் கொடுத்து, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். பொன்னுச்சாமியோடு ரயிலில் பாலத்தைத் தாண்டும்போது, கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு கலாசி கொடி பிடித்து நின்றிருந்தான். அந்தக் கொடி என்ன நிறம் என்று செபஸ்தியானால் சொல்ல முடியவில்லை.

டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், தூரத்து எழுத்தைக் காட்டினார். இத்தனை கூர்மையான பார்வை தாம் பார்த்ததில்லை என்றுகூடச் சொன்னார். பிறகு ஜன்னலை ஒருக்களித்து அறையை இருட்டாக்கிவிட்டு, நிறக் கண்ணாடி மாற்றும் விளக்கு ஒன்றை மேஜை மேல் வைத்தார். மங்கல் என்றால் சிவப்பு, தூக்கல் என்றால் பச்சை. செபஸ்தியான் நிதானமாகச் சொன்னார். பன்னிரண்டு கேள்விக்குப் பன்னிரண்டும் சரி. டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து வாடைக் காற்று ஜன்னலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. விளக்குச் சுடர் குன்றியது. கடைசியாக வைத்த கண்ணாடி இன்னும் விளக்கில்தான் இருந்தது. செபஸ்தியான் மனசுக்குள் சிவப்பு என்று சொல்லிக்கொண்டார். ஆனாலும் ஒரு சந்தேகம்.

"அய்யா, இப்ப அந்த விளக்குல இருக்குறது என்ன நெறம்?"

"பச்சை" என்றார் டாக்டர், தலையை நிமிர்த்தாமலே.

செபஸ்தியான் ஜன்னலைப் பார்த்தார். பாலத்தில் காற்று அடிக்காத நாள் என்று ஒன்று உண்டா? நடுப்பாலத்தைத் தூக்கிவிட்டு நிற்கிற ஒரு மழை நாளில், சுடர் ஏறி இறங்கும் கைவிளக்கைத் தாம் எந்தப் பக்கம் திருப்பிக் காட்டுவோம்? ரயிலில் வருகிறவர்கள் கருவாட்டுக் கூடைக்காரிகளாக இருப்பார்கள், காலிதாவின் வாப்பாவாக இருப்பார். யாகப்பம்மாளே இருப்பாள். கையெழுத்துப் போட இன்னும் ஒரு நொடிதான் இருந்தது.

"எழுதாதிய அய்யா. எனக்கு அது செவப்பாத்தான் தெரியுது. இம்புட்டு நேரமும் நெறத்தப் பாத்துச் சொல்லல, வெளிச்சத்தப் பாத்துத்தான் சொன்னேன்."

டாக்டர் பேனாவை மூடினார். திட்டவில்லை. சில ஆண்களுக்குப் பிறவியிலேயே இப்படி அமைந்துவிடும், இதற்கு மருந்தில்லை, இது நோயுமில்லை, உன் குற்றமுமில்லை என்று விளக்கமாகச் சொன்னார். வேலை மட்டும் கிடையாது. இந்தத் தந்திரத்தை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். லீவுக்கு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் என்று செபஸ்தியான் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

திரும்பும்போது பொன்னுச்சாமி, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று ஆற்றமாட்டாமல் சொல்லிக்கொண்டே வந்தார். பாலம் வந்ததும் கீழே நுரைத்துக்கொண்டு ஓடும் கால்வாயைப் பார்த்துவிட்டு அவரும் பேச்சை நிறுத்திவிட்டார். செபஸ்தியானின் காதில், உன் குற்றமில்லை என்று டாக்டர் சொன்ன ஒரே ஒரு பேச்சுதான் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் யாகப்பம்மாள் சோறு வடித்து, மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தாள். வாசலில் அவர் நின்ற விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். தாள், ஊசித்துளை, விளக்கு, காற்று. லீமாரோஸ் கதவோரம் ஒண்டிக்கொண்டு நின்றாள். அம்மா சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"எங்க அய்யா போனாரு, அண்ணன் போனான்" என்றாள் அவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "நான் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்தே சாகணும்னு எழுதியிருக்கு."

அவள் சொன்னது நியாயம். அவர் ஈர வேட்டியோடு போய், மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த தகர டப்பியை எடுத்துவந்து, மூடியைத் திறந்து, விளக்கடியில் அவள் முன்னால் வைத்தார். அந்த டப்பியை அவர் கையால் தொட்டு அவள் பார்த்ததே இல்லை.

"யாகப்பு, ஒன்னு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. இந்த மண்ணு நெசமாவே செவப்பா?"

கேலி செய்கிறாரோ என்று அவள் கோபமாக நிமிர்ந்தாள். அவர் டப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். பத்தொன்பது வயதில் ஓரியூரில் பார்த்ததை, பார்க்காததை, தாயாரிடம் சொன்ன பொய்யை, தமக்கு மட்டும் விசுவாசம் இல்லை என்று இருபத்தொரு வருஷமாக உள்ளுக்குள் வைத்துக் குமைந்ததை அவர் திக்கித் திக்கிச் சொன்னார். யாகப்பம்மாள் மண்ணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தும் இந்த மனிதனுக்குள் இப்படி ஒன்று கிடந்தது தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தாள்.

"செவப்புத்தான். நல்ல செவப்பு."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும். ஹமீது சுல்தானுக்குக்கூட."

செபஸ்தியான் தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பாவம் என்று நினைத்தது பாவமாக இல்லாமல் போனால் மனிதன் அப்படித்தான் அழுவான் போலிருக்கிறது. யாகப்பம்மாள் அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து அவர் நெற்றியில் வைத்தாள். குழம்பு ஆறுகிறது என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. காலையில் அவள் முதலில் போன இடம் ஹமீது சுல்தான் கடை. அங்கே என்ன பேசினாள் என்று இரண்டு பேரும் யாருக்கும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது லீமாரோஸுக்குப் பச்சையில் ஒன்றும் சிவப்பில் ஒன்றுமாக ரிப்பன் கொண்டுவந்தாள்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் நட்சத்திரத்துக்குள் விளக்கை வைத்து வீட்டு முகப்பில் கட்டினார்கள். ஊசித்துளை வழியாக வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. செபஸ்தியான் தெருவில் தள்ளி நின்று, பொட்டு இருக்கிற முனைகளை விரல்விட்டு எண்ணினார். நாலு. அவை சிவப்பு. வெறுமையாக இருந்த ஐந்தாவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் வள்ளம் இறங்கும். இவரும் இறங்குவார், அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கோயிலுக்குப் போகும் வழியில் பக்கத்துத் தெருக் கருத்தம்மாள் நின்று, நாலு முனை சிவப்பாக இருக்கையில் ஒன்று மட்டும் ஏன் பச்சையாக இருக்கிறது, தாள் பற்றவில்லையா என்று கேட்டாள். லீமாரோஸ் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு கட்டுனது" என்றாள் யாகப்பம்மாள். "அது அப்படித்தான் இருக்கும்."